நான் தொலைத்த வெள்ளி டீபாட்

புதிதாக பேட்ஜ் வாங்கிய சுற்றுலா வழிகாட்டிகள் நாலைந்து பேர் போன மாதம் மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா டவுனில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு கவலை. "அங்கிள், இப்ப வர்ற ஆளுங்க எல்லாம் காதுல இயர்போன் மாட்டிக்கிறாங்க. ஒவ்வொரு வளைவுலயும் போனே கதை சொல்லிடுது. அப்புறம் நாங்க எதுக்கு?" என்றாள் அவர்களில் ஒருத்தி. அடுத்த கூட்டத்தில் வந்து பத்து நிமிடம் பேசுங்கள், எங்களுக்குத் தைரியமாக இருக்கும் என்றார்கள்.

இருபத்தெட்டு வருடம் ஒரு வேனில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கேமரன் மலையைச் சுற்றிக் காட்டியவனுக்குப் பத்து நிமிடம் தொண்டையைச் செருமவே பத்தாது. அதனால் எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தைரியம் வருமா என்று தெரியாது. நான் எழுதப்போவது என் வாயால் எனக்கு வந்த வினையைப் பற்றி.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் முடித்ததும் அதே தொழிற்சாலையில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. பார்க்க வருகிறவர்களுக்குச் சின்னக் கோப்பையில் டீ ஊற்றிக் கொடுக்கும் வேலை. ஊற்றும்போது அவர்கள் எதையாவது கேட்பார்கள், நான் எதையாவது சொல்வேன். அப்படியே ஆங்கிலம் வந்தது. கூடவே கொஞ்சம் மாண்டரின், நன்றி சொல்லும் அளவுக்கு ஜப்பானிய மொழி. பிறகு வகுப்பு, பரீட்சை, லைசன்ஸ். இதற்கு மேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

உண்மையான படிப்பு நூர்தீன் பாயிடம்தான். தானா ராத்தாவில் அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடையும் மூன்று வேனும் இருந்தன. இரண்டையும் ஒரே கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டே நடத்தினார். கையில் எப்போதும் ஒரு துணி. அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அவர் மனநிலை என்ன என்பதை நமக்குக் கொடுக்கும் டீயை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பால் ஊற்றி நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வந்தால் எல்லாம் நலம். பாலில்லாத தே ஓ வந்தால் நாம் ஏதோ தப்புச் செய்திருக்கிறோம். பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல் தே ஓ கோசோங் வந்தால், குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான். மற்ற முதலாளிகளிடம் வேலை பார்த்தவர்கள் திட்டு வாங்கினார்கள். நாங்கள் டீ குடித்தோம். திட்டே பரவாயில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு முதல் தே ஓ கிடைத்தது.

பிரிஞ்சாங் மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாசிக்காடு இருக்கிறது. மரங்களெல்லாம் பச்சைக் கம்பளி போர்த்திய மாதிரி நிற்கும். அங்கே வேனை நிறுத்தி, ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டி வந்தேன். நல்ல பனிமூட்டம். ஏறினார்கள். எண்ணினேன். எட்டு. கிளம்பினேன். தொழிற்சாலை வாசலில் இறங்கும்போதுதான் பார்த்தேன், கடைசி இருக்கையில் முகத்தின்மேல் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கிய வெள்ளைக்காரரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. என்னோடு வந்திருந்த பினாங்குக்காரத் தலைமையாசிரியரைக் காணவில்லை.

பக்கத்தில் அதே மாதிரி ஒரு வெள்ளை வேன் நின்றதும், மூட்டத்தில் இரண்டு பேர் வேன் மாறி ஏறியதும் பிறகு தெரிந்தது. கைப்பேசி இல்லாத காலம். அரை மணி நேரம் வாசலில் நின்று வேர்த்தேன். கடைசியில் அந்த வேன் வந்தது. நம் தலைமையாசிரியர் முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, இந்த மலைக்கு ரோடு போட்ட வரலாற்றை எல்லோருக்கும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவரைத்தான் வழிகாட்டி என்று நினைத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுக்க அவர்களுக்கு மனமே இல்லை.

அன்று பாய் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார். "ஏறும்போது எத்தன பேரு?"

"எட்டு பேரு பாய்."

"எறங்கும்போது?"

"எட்டுதான் பாய்."

"யாரு யாரு?"

தே ஓ வந்தது. அன்றிலிருந்து நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். முகம் முகமாகப் பார்த்து, மனசுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டுப் பார்ப்பேன். நீலக் குடை வந்தாச்சா, தும்மல்காரர் வந்தாச்சா, கோபித்துக்கொண்ட பெண்டாட்டி வந்தாச்சா என்று.

அப்படித்தான் ஒவ்வொரு முறையாகக் கற்றுக்கொண்டேன். காலை எட்டே முக்காலுக்கு ஓட்டல் வாசலில் ஆட்களை ஏற்றும்போதே, பசியாற என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரிப்பேன். அன்பு என்று நினைத்துக்கொள்வார்கள். காரச் சம்பலோடு நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டவரை முன் இருக்கையில் உட்கார வைத்து, கையில் அசாம் போய் என்கிற புளிப்பான காய்ந்த பிளம் பழம் ஒன்றைக் கொடுத்துவிடுவேன். வளைவு ரோட்டில் அவர் வயிறு நமக்குக் கட்டுப்பட வேண்டும். எஸ்டேட்டுக்குள் ரோடு ஒரு வண்டிக்குத்தான் இடம் கொடுக்கும். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் வானொலியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு முறை ஹாரன் அடித்துக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எதிரே இலை ஏற்றிய லோரி வந்தால் நாம்தான் பின்னால் போக வேண்டும். பின்னால் போகும்போது வேனில் இருப்பவர்களை வலது பக்கம் பார்க்கச் சொல்லி ஏதாவது பேச வேண்டும். ஏனென்றால் இடது பக்கம் பள்ளம்.

பேச எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரச்சினையே அங்கேதான்.

எங்கள் பயணத்தில் ஒரு நிறுத்தம், அந்தக் காலத்தில் எஸ்டேட்டின் வெள்ளைக்கார அதிகாரி குடியிருந்த துரை பங்களா. தேயிலைச் சரிவுக்கு மேலே, குன்றின் உச்சியில் தனியாக நிற்கும். வெள்ளைச் சுவர், கறுப்பு மரச்சட்டம், நாலு புகைபோக்கி. உள்ளே போக அனுமதி இல்லை. கீழே வளைவில் நின்று பார்க்கலாம். வருகிறவர்கள் எல்லோரும் அதை அரண்மனை என்றுதான் சொல்வார்கள். வெயில் நாளில் பிரச்சினை இல்லை. அரண்மனை தெரியும், படம் எடுப்பார்கள், ஏறுவார்கள்.

ஒரு தடவை நாலு நாள் தொடர்ந்து மூட்டம். ஜொகூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மலை உச்சியில் காட்சிக் கோபுரம் ஏறிப் பார்த்தார்கள், வெள்ளை. பாசிக்காட்டில் பார்த்தார்கள், வெள்ளை. துரை பங்களா வளைவில் இறங்கினால் பங்களாவும் இல்லை, குன்றும் இல்லை. அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்து, "இதுக்கு வீட்டிலேயே போர்வைய மூடிக்கிட்டுப் படுத்திருக்கலாம் லா" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேடம், இந்த மாதிரி ஒரு பனி நாள்லதான் அந்தத் திருட்டு நடந்தது" என்றேன்.

என்ன திருட்டு என்று எனக்கே தெரியாது. வாய்தான் முன்னால் போனது, நான் பின்னால் போனேன். துரையிடம் சுத்த வெள்ளியில் ஒரு டீபாட் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்தது. ஒரு பனிக் காலையில் பங்களா குக் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு இந்தச் சரிவில் இறங்கி ஓடினான். கால் வழுக்கியது. டீபாட் தேயிலைச் செடிக்குள் உருண்டுவிட்டது. அவன் போனவன் போனவன்தான். டீபாட் இன்னும் இங்கேதான் எங்கேயோ கிடக்கிறது.

"அந்தக் குக் பேரு என்னா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"மாரியப்பன்" என்றேன். யோசிக்கவே இல்லை. வந்தது, சொன்னேன்.

ஜொகூர் குடும்பம் முக்கால் மணி நேரம் செடிகளுக்கு அடியில் குனிந்து தேடியது. பயணம் முடிந்து இறங்கும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அப்புறம் அந்தக் கதையை என்னால் நிறுத்த முடியவில்லை. வெயில் நாளிலும் சொன்னேன். ஒரு வருடம் டீபாட்டின் மூடியில் மயில் வந்தது. அடுத்த வருடம் துரைசானி மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள். மற்ற வேன்காரர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்காவுக்கு எங்கள் வேனைக் கண்டாலே உற்சாகம். செடிக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, "இன்னிக்கும் கெடைக்கல தம்பி" என்று கத்தும். நான் அதை மொழிபெயர்ப்பேன். வேனே சிரிக்கும். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சின்ன டீபாட் சாவிக்கொத்து விற்கத் தொடங்கியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாய் ஒரே ஒரு தடவை கேட்டார். "அந்த டீபாட் கதைய உனக்கு யாரு சொன்னா?"

"கேள்விப்பட்டதுதான் பாய்."

துடைப்பதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். தே ஓ வந்தது. குடித்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் அதே கதையைச் சொன்னேன்.

அப்படிப் பல வருடம் போன பிறகு ஒரு சனிக்கிழமை, வேனில் ஓர் அம்மா தனியாக ஏறினார். அறுபதைத் தாண்டிய வயது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, மடியில் ஒரு தோல் பை. கிள்ளானில் பெரிய மிஸ்ஸியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். மிஸ்ஸிகளுக்கே உரிய பார்வை ஒன்று உண்டு. நாம் மருந்தைக் குடித்தோமா, ஜன்னல் வழியாக ஊற்றினோமா என்று அது கண்டுபிடித்துவிடும். அந்தப் பார்வை காலை முழுக்க என் பிடரியில் இருந்தது. ஏனென்றால் அவர் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் சென்னையிலிருந்து வந்த புதுமண ஜோடி, ஈப்போவிலிருந்து ஒரு சீனக் குடும்பம் மூன்று பேர், ஹாலந்துப் பெண்கள் இரண்டு பேர்.

நல்ல வெயில். துரை பங்களா குன்றின்மேல் பளிச்சென்று நின்றது. நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். அன்று எனக்கு நல்ல நாள். குக் மாரியப்பன் துணியைச் சுற்றும் விதத்தைக் கைக்குட்டையில் செய்து காட்டினேன். வழுக்கி விழுந்ததையும் நடித்தேன். ஹாலந்துப் பெண்கள் கைதட்டினார்கள். ஈப்போ அப்பா ஏற்கெனவே செடிகளுக்குள் இறங்கிவிட்டார்.

மிஸ்ஸி அம்மா தமிழில் கேட்டார். "அந்தக் குக்குக்குப் புள்ளைங்க உண்டா தம்பி?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அதனால் என்ன, வாய் இருக்கிறதே. "ஒரே பொண்ணு மா. சின்னப் பொண்ணு. அத அப்படியே விட்டுட்டு ஓடிட்டான்" என்றேன்.

"அது பேரு?"

"அது தெரியலம்மா."

"ராஜேஸ்வரி" என்றார். "நான்தான் அது. எங்கப்பா பேரு மாரியப்பன். இந்தப் பங்களாவுல பத்தொம்பது வருசம் குக்கு. அவரு ஓடவும் இல்ல, என்னை விட்டுட்டுப் போகவும் இல்ல."

சத்தமாகச் சொல்லவில்லை. ஊசி போடுவதற்கு முன் கையை நீட்டச் சொல்கிற குரலில் சொன்னார்.

ஹாலந்துப் பெண்களில் ஒருத்தி, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டாள். என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுகிற பதில் இதுதான். கதை ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். சென்னை மாப்பிள்ளைக்கு இரண்டு மொழியும் தெரியும். அவர் என்னையே பார்த்துவிட்டுத் தன் மனைவியைப் பார்த்தார். நான் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தேன். கயிறு அவிழ்ந்திருக்கவே இல்லை.

சாப்பாட்டு வேளைக்கு எப்போதும்போல் பாயின் கடைக்கு வந்தோம். எல்லோரும் உள்ளே போனதும் ராஜேஸ்வரி அம்மா வேன் பக்கத்திலேயே நின்றார். பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்துக் காட்டினார். தபால் தலை ஒட்டியிருந்தது. சுற்றுலா அலுவலகத்து முகவரி எழுதியிருந்தது.

"எம் மகனுக்கு நிச்சயம் நடந்துச்சு தம்பி. பொண்ணோட அப்பா நல்ல மனுசன், நல்லாப் பேசுவாரு. சாப்பாட்டுல ஒக்காந்து, கேமரன்மலைக்குப் போனோம், அங்க குக்கு மாரியப்பன்னு ஒரு கள்ளன் கதை சொன்னாங்கன்னு ஆரம்பிச்சாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. நான் அவருக்குப் பாயசம் ஊத்திக்கிட்டு நிக்கறேன். என்னோட அப்பா பேரு அங்க யாருக்கும் தெரியாது. எம் மகனுக்குத் தெரியும். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்."

நான் எதையோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"இருங்க. லெட்டர் எழுதிட்டேன். போடறதுக்கு முன்னாடி எங்காதால ஒரு தடவ கேட்டுட்டுப் போடலாம்னு வந்தேன். யாரோ சொல்றத வெச்சு ஒரு மனுசன் மேல பழி போடக் கூடாதில்ல. அதான் கேள்வி. எங்கப்பா பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. நான் பிறப்பதற்கு முன், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பங்களாவிலிருந்து லயத்துக்கு ஒருவர் இறங்கி வருவாராம். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வரிசையாகக் குடியிருந்த வீடுகள் அவை. பழைய செய்தித்தாளில் கேக் துண்டுகளைச் சுற்றி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பாராம். என் அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் பேரையும் சேர்த்தே சொல்வார். பங்களா குக்கு மாரியப்பன் கேக் என்று. திருடனுக்குப் பேர் தேடியபோது என் வாய்க்குக் கிடைத்தது அந்தப் பேர்.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் உறையைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

நான் கண்ணாடி மேசைக்குப் போனேன். ஒன்று விடாமல் பாயிடம் சொன்னேன். ஹாலந்துப் பெண்ணுக்கு மொழிபெயர்த்ததையும் சொன்னேன். லைசன்ஸ் போய்விடும், எனக்கு வேறு தொழில் தெரியாது, மகள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

பாய் துணியை மடித்து மேசையில் வைத்தார். அவர் கையில் துணி இல்லாமல் அன்றுதான் பார்க்கிறேன். டீ வரவில்லை. கோசோங்கூட வரவில்லை. நான் பயந்துவிட்டேன்.

"வேன்ல எத்தன பேரு?"

"எட்டு பேரு பாய்."

"எட்டு பேருகிட்டயும் பொய்யின்னு சொல்லிட்டு வா. அப்புறம் லைசன்ஸப் பத்திப் பேசலாம்."

"இப்பயேவா பாய்?"

"சாப்பிட்டு முடிச்சிட்டாங்கல்ல."

வேனில் எல்லோரும் ஏறிய பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் சொன்னது பொய், டீபாட் இல்லை, திருட்டு இல்லை, மாரியப்பன் என்பவர் நல்ல மனிதர், அவருடைய மகள் இதோ உட்கார்ந்திருக்கிறார், நான் மொழிபெயர்த்ததும் பொய் என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். ஈப்போ அப்பா தன் முழங்காலைப் பார்த்தார். செம்மண் ஒட்டியிருந்தது. "ஒரு மணி நேரம் தேடினேன்" என்றார். சென்னை மாப்பிள்ளை மனைவியிடம், "நான் அங்கேயே சொன்னேன்ல" என்றார். அவர் ஒன்றும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஹாலந்துப் பெண்கள் என்னை விட்டுவிட்டு அந்த அம்மாவின் பக்கம் திரும்பிவிட்டார்கள். அப்படியானால் உண்மையிலேயே அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

ராஜேஸ்வரி அம்மா நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "முதலாவது, அந்த வீட்டில் டீபாட்டே கிடையாது. அந்தத் துரை டீ குடிக்க மாட்டார். காப்பிதான்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு சிரிப்பில் வேன் குலுங்கியது. அத்தனை மலை தேயிலைக்கு அதிகாரியாக இருந்த மனிதர், யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போனால் ஒரு வாய் டீயை வாயில் வைத்துக்கொண்டு தோட்டப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வருவாராம். எஸ்டேட் ஆட்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று காப்பித்தூளை மாவு டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தது இந்த அம்மாவின் அப்பாதானாம். பத்தொன்பது வருடம் யாரிடமும் சொல்லவில்லையாம். நான் பல வருடம் மயிலும் மூடியும் வைத்து இழைத்த கதை, அந்த ஒற்றை டின்னுக்கு முன்னால் நிற்கவில்லை.

இன்னும் சொன்னார். பங்களா அடுப்பு விறகில் எரிவது, சூடு காட்டும் கருவி கிடையாது. அவர் அப்பா கையை உள்ளே விட்டு எண்ணுவார். எட்டு எண்ணுவதற்குள் சுட்டால் ரொட்டி வைக்கலாம். பதினைந்து வரை தாங்கினால் கேக். "அப்பாவோட வலது கையில முடியே கெடையாது" என்று என்னிடம் தமிழில் சொன்னார். காலையிலிருந்து அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

நான் கேட்டேன். "அம்மா, அந்தச் சமையலறையப் பாக்கணுமா?"

கேட்ட பிறகுதான், அங்கே யாரையும் விடமாட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. மறுபடியும் வாய் முன்னால் போயிருந்தது. ஆனால் இந்த முறை பின்னால் போவதற்கு எனக்குச் சம்மதமாக இருந்தது.

எஸ்டேட் ஆபீசில் பெரிய கிராணி இருந்தார். கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் தலைமை எழுத்தர், சட்டப்படி நடக்கிற ஆள். பங்களாவுக்கு வெளியாட்களை விட முடியாது என்று பேனாவைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார். ஏன் கேட்கிறேன் என்று விவரம் சொன்னேன். பேனா நின்றது.

"டீபாட் கதை பொய்யா?"

"ஆமாங்க."

"நான் எங்க மாமனாரையே கூட்டிட்டுப் போயி எடத்தக் காட்டி வெச்சிருக்கேனே யா."

கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். "பத்து நிமிசம்" என்றார். "நானும் வருவேன். செருப்பக் கழட்டிட்டு வரணும்."

எட்டுப் பேரும் வெறுங்காலோடு துரை பங்களாவுக்குள் போனார்கள். சமையலறை முழுக்க மாறியிருந்தது. வெள்ளை ஓடு பதித்த சுவர், கேஸ் அடுப்பு, குளிர்பெட்டி. ராஜேஸ்வரி அம்மா நடுவில் நின்று திசை பார்த்தார். ஜன்னல் மட்டும் அப்படியே இருந்தது போலிருக்கிறது. அதிலிருந்து ஆறு அடி அளந்து நடந்து, குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றார். "இங்கதான்" என்றார்.

வலது கையை முழங்கை வரை நீட்டினார். வெறும் காற்றில்தான். மெதுவாக எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. தமிழில்தான் எண்ணினார். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பதினைந்து வந்ததும் கையை எடுத்துத் தடவிக்கொண்டார். உண்மையிலேயே சுட்ட மாதிரி இருந்தது. கிராணி சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

மாலையில் அந்த அம்மாவைத் தானா ராத்தா பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டேன். பக்கத்திலேயே தபால் பெட்டி. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"பயப்படாதீங்க. ஆனா எட்டுப் பேருகிட்டச் சொன்னதெல்லாம் பத்தாது" என்றார். "எம் மகன் கல்யாணம் அடுத்த மாசம், கிள்ளான்ல. நீங்க வரணும். மைக்கப் புடிச்சு இதே மாதிரி சொல்லணும். சம்பந்தியக் குத்திக் காட்டக் கூடாது. அவரு கேட்டதச் சொன்னாரு. நீங்க வந்துட்டா இந்த லெட்டருக்கு வேலை இல்ல."

பாயிடம் சொன்னேன். "நானும் வர்றேன்" என்றார். "நீ அங்க போயி மாத்திச் சொன்னா எனக்குத் தெரியணும்ல."

கிள்ளானில் பெரிய மண்டபம். தாலி கட்டி முடிந்து, பந்தி போடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்கள். இருபது நாட்டு ஆட்களிடம் கூசாமல் பேசியவன் நான். அன்று மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முன்வரிசையில் நூர்தீன் பாய் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை மேடையில் மாலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்தேன். பொய் சொன்னதைச் சொன்னேன். கேக்கைச் சொன்னேன், கையை விட்டு எண்ணியதைச் சொன்னேன். துரையின் காப்பி டின்னுக்கு வந்தபோது மண்டபமே சிரித்தது. ஆனால் இந்த முறை யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது வேறு. ராஜேஸ்வரி அம்மா மேடையோரம் நிமிர்ந்து நின்றார். மாப்பிள்ளை தன் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் குனிந்து, "என் தாத்தா" என்றார். மைக் அதைப் பிடித்துவிட்டது.

பெண்ணின் அப்பா எழுந்தார். நல்லாப் பேசுவார் என்று அந்த அம்மா சொன்னது சரிதான். முதலில் சம்பந்தி அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். கதை கேட்கும் ஆசை அவர் முகத்திலிருந்து இன்னும் போகவில்லை.

"எல்லாஞ் சரி தம்பி. அவ்வளவு பெரிய தேயிலைத் தோட்டத்துல இருந்துக்கிட்டு அந்தத் துரை ஏன் டீ குடிக்கல?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். காதல் தோல்வி ஒன்று வந்து நாக்கு நுனியில் நின்றது. சின்ன வயதில் டீயில் யாரோ விஷம் வைத்தது ஒன்று வந்தது. கப்பலில் வரும்போது ஒரு ஜோசியக்காரன் சொன்னது ஒன்று, எல்லாவற்றையும்விட அழகாக, கோர்வையாக வந்து நின்றது. பாய் கட்டிய கையை அவிழ்த்து, உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"தெரியாதுங்க" என்றேன்.

பெண்ணின் அப்பா இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு ஏமாற்றத்தோடு உட்கார்ந்துவிட்டார்.